அன்பரசனின் தங்கை பேசிய நாள்: திருத்துறைப்பூண்டிப் பயணம்

கல்லூரியில் என்னோடு படித்த அன்பரசன் போன ஐப்பசியில் எய்ட்ஸ் முற்றி இறந்தான். ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லியிருந்தார்கள். தை மாதத்தில் அவன் தங்கை கயல் அழைத்தாள். "அக்கா, எங்க காலேஜ்ல எச்ஐவி பத்தி மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித் தர்றோம். நான்தான் பேசுறேன். நீங்க பக்கத்துல இருந்தா போதும்." அதற்காகவே இந்தப் பயணம். அவள் சம்மதத்தோடு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து காலை ஏழு மணி பேருந்து. மன்னார்குடியில் மாற வேண்டும். மொத்தம் அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் சம்பா அறுவடை; சாலையிலேயே நெல் காயப்போட்டிருந்ததால் பேருந்து ஊர்ந்துதான் போனது.

திருத்துறைப்பூண்டியில் ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். எதற்கு வந்தேன் என்று ஓட்டுநர் கேட்டார், சொன்னேன். "அதெல்லாம் நம்ம ஊர்ல யாருக்கும் கெடையாதும்மா" என்றார்.

வகுப்பில் ஆணுறை, பரிசோதனை, மருந்து என்று கயல் தடுமாறாமல் பேசினாள். முதலில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "தினமும் மாத்திரை போட்டா நல்லா வாழலாங்கிறீங்க. அப்புறம் ஏன் சாகுறாங்க?"

கயல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் செத்துப்போச்சு. மருந்து கெடைக்காம இல்ல. வெளிய தெரிஞ்சா வீட்ல சேத்துக்க மாட்டாங்கன்னு பயந்து டெஸ்ட்டே எடுக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்போ ரொம்ப முத்திப்போச்சு."

அவள் இதைச் சொல்லப்போகிறாள் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. திட்டு விழும் என்று கயல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சேத்துக்க மாட்டேன்னா நெனச்சான்? என்னைப் பத்தியா அப்படி நெனச்சான்?"

கயல் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அம்மா அழுதுகொண்டே எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

இந்தப் பக்கம் வருபவர்கள் அறுவடைக் காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விவரத்தை அங்கே யாரிடமும் சொல்ல மாட்டார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிப் பாருங்கள். மறுப்பார்கள் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அன்பரசன் சொல்லியிருந்தால், அந்த அம்மா அன்றைக்கே முதல் பேருந்தில் அவனோடு ஏறியிருப்பார்.