மிளகாய்க் காட்டில் ஒரு சர்க்கரை ஆப்

ஆரோக்கிய ஆலோசனை ஆப்களைச் சோதிப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி, ஆப் செய்த தப்புக்குத் தான் திட்டு வாங்கிக்கொள்ளும் பக்குவம். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான ஆப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு மாதம் அலைந்தவள் நான்.

சோம்பேறிப் பட்டம்

முருகாயி அக்கா மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பழம் பறிப்பவர். விடிந்ததிலிருந்து பறித்துவிட்டு மத்தியானம் வரப்பேறினார். போன் அதுவரை சோற்றுப் பையிலேயே கிடந்தது. கையில் எடுத்ததும் ஒரு பெண்குரல், “இன்று நீங்கள் நடக்கவே இல்லை. சோம்பலை விடுங்கள்” என்றது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தப் பொம்பளைய இங்கன வந்து ஒரு நெரை பறிக்கச் சொல்லு தாயி. அப்புறம் பேசட்டும்.”

களி

சாப்பாட்டைப் படம் எடுத்தால் என்னவென்று ஆப்பே சொல்லிவிடும் என்பது எங்கள் பெருமை. விவசாயி ராமையா வயலில் வைத்துக் கேப்பைக் களியைப் படம் எடுத்தார். ‘சாக்லேட் கேக்’ என்று பதிந்துகொண்டது. சாயங்காலம் அந்தப் பட்டியலை வாசித்த அவர் மனைவியிடம் நான் எவ்வளவோ விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை.

“வயலுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கன போயி கேக்கு தின்னீக?”

‘அருமை!’

ஆப் வெளியாக இரண்டே நாள். முருகாயி அக்கா வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு காட்டுக்கு வந்துவிட்டார். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை ஐம்பத்தெட்டு. மயங்கி விழக்கூடிய அளவு. அக்கா அதை ஆப்பில் தட்டியதும், “அருமை! இப்படியே தொடருங்கள்” என்றது, எண் குறைந்தாலே நல்லது என்று நினைத்த அந்தக் குரல். என் பையிலிருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். நடுக்கம் நிற்கும்வரை அவர் கையை விடவில்லை.

அங்கிருந்தே சென்னைக்குப் போன் போட்டேன். “அடுத்த பதிப்பில் பார்க்கலாமே” என்றார் மேலாளர். “இதைச் சரிசெய்யாமல் நான் ஒப்புதல் தர மாட்டேன்” என்றேன். கெஞ்சினார், அதட்டினார். தொண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே அறிக்கையை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். வெளியீடு தள்ளிப்போனது.

மூன்று வாரம் கழித்து, திருத்திய ஆப்பில் அதே எண்ணை அக்கா முன்னால் தட்டினேன். திரை சிவந்தது. “உடனே சர்க்கரை சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்” என்றது. அக்கா போனை வாங்கித் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்க சின்னம்மா போன்லயும் இத ஏத்தி விட்டுரு. அவுகளுக்கும் சக்கரதான்.”

பிழையைக் கண்டுபிடிப்பது அரைநாள் வேலை. அது பிழைதான் என்று மேலே இருப்பவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான், சகாக்களே, நம்மை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.