செவலை மலையேற வாங்கிய சீட்டு

எங்கள் குடும்பத்தில் அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழை முதன்முதலாக வாங்கியது ஒரு நாய். அப்பாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. அம்மாவுக்கு வருஷமே தெரியாது, பெரிய மழை பெய்த வருஷம் என்பாள். எனக்கு எட்டு வயது என்பதும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆளைப் பார்த்து எழுதியதுதான். செவலைக்கு மட்டும் வயது, நிறம், உடல்நிலை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே ஊதா மையில் வட்ட முத்திரை விழுந்தது. அது விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

செவலை, என் அத்தை கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் குட்டியிலிருந்து வளர்த்த நாய். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் தன்னந்தனியாக இறங்கி வந்துவிட்டாள். கையில் மாற்றுச் சேலைகூட இல்லை. ஏன் வந்தாள் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைக்குப் போகிற சந்தோஷத்தில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

தை பிறந்ததும் சிலமலையிலிருந்து பங்காளிகள் வந்து கூடிப் பேசினார்கள். வாழப்போன பெண் பிறந்த வீட்டோடு இருந்தால் ஊர் வாயை மூட முடியாது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாமா மெட்டுக்கு வந்து அழைத்துக்கொள்வார் என்றார்கள். எல்லாவற்றையும் நிலைப்படி ஓரமாக நின்று கேட்ட அத்தை ஒன்றே ஒன்று சொன்னாள்.

"போறேன். செவலையும் எங்கூட வரும்."

என்ன கேட்டு மல்லுக்கு நிற்பாளோ என்று பயந்திருந்தவர்களுக்கு, நாயோடு போயிற்றே என்று உயிர் வந்தது. அப்பாவுக்குத்தான் மனமில்லை. மேலே சிறுத்தை முதலில் தூக்குவது நாயைத்தான் என்று பயமுறுத்திப் பார்த்தார். அத்தை அசையவில்லை.

"செக்போஸ்ட்டுல மாட்டுக்கே டாக்டர் சீட்டு கேக்குறான். சீட்டு இல்லாம நாய விடுவானா? சும்மா கெட ஆத்தா" என்றார், பேச்சை முடிக்கிற குரலில்.

"அப்பச் சீட்டு வாங்கிட்டுப் போறேண்ணே" என்றாள் அத்தை.

கோயிலுக்குக்கூடத் துணைக்கு இரண்டு பேர் வேண்டும் அவளுக்கு. மறுநாள் காலையில் ஒரு கையில் என்னையும் மறு கையில் செவலையின் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, ஏலக்காய் மணக்கிற கடைத்தெரு வழியாக நிமிர்ந்து நடந்தாள். அன்று டாக்டர் ராசிங்காபுரத்துக்கு முகாம் போய்விட்டார். வேப்பமரத்தடியில் பொழுது சாயும்வரை இருந்துவிட்டுத் திரும்பினோம். விடிந்ததும் மறுபடி போனோம்.

மாட்டாஸ்பத்திரியை நான் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் ஒரு பசுவின் பின்னால் நின்று தோள்வரை கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பசு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். பெரியவளானால் மாட்டு டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். பசு போனபின் செவலையின் முறை வந்தது. அத்தை மண்டியிட்டு அதன் தலையை நெஞ்சோடு அணைத்துக் காதில் ஏதோ சொன்னாள். ஊசி இறங்கியபோது செவலை முனகக்கூட இல்லை. தெருவில் ஓணான் ஓடினாலே ஊரைக் கூட்டுகிற நாய் அது!

ஆனால் சீட்டு என்றதும் டாக்டர் கையை விரித்தார். அவரிடம் மாட்டுக்கான தாள்தான் இருந்தது, நாய்க்கு இல்லை.

"மாட்டுச் சீட்டுலயே எழுதுங்க சார். நாயப் பாத்துட்டு மாடுன்னா சொல்லப் போறாக?" என்றாள் அத்தை.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதச் சொல்லிக் கம்பவுண்டரிடம் தாளைத் தள்ளினார். தாள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியாக வேண்டும் என்று நினைக்கிறவர் அந்தக் கம்பவுண்டர். நிறம், செவலை. கொம்பு, இல்லை. மாட்டுக்குப் பார்க்கிற சுழியைத் தேடி நாயை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பால் கறவை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து ஒரு கோடு போட்டார். அப்புறம் நிமிர்ந்து, "உரிமையாளர்? வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. பஸ்ஸிலோ ரேஷன் கடையிலோ கேட்டால் கூட வந்த பிள்ளைதான் சொல்லும். என்னைக் கூட்டி வந்ததே அதற்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமி, மாமாவின் பெயரை இனிஷியலோடு சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது.

"நாயி என்னுது. எம்பேரப் போடுங்க."

கம்பவுண்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். அத்தை தன் பெயரைச் சொன்னாள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. ஆத்தா, அத்தை, மதினி, அவ்வளவுதான். அவளுக்கு இத்தனை நீளப் பெயர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அதன் மேல் டப்பென்று முத்திரை விழுந்தபோது அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அத்தை செவலையை ஆற்றில் குளிப்பாட்டி, காதுக்குள் விரல்விட்டு உண்ணி எடுத்தாள். வளைவில் வாந்தி வரும் என்று அதற்குச் சோறு வைக்கவில்லை. ஜீப் டிரைவர் பயந்ததால் பழைய சேலைக்கிழிசலால் அதன் வாயை மட்டும் தளரக் கட்டினாள். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். அழுது அடம்பிடித்து நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

அதற்குமுன் மலையை நான் கீழே இருந்துதான் பார்த்திருக்கிறேன். வளைவுக்கு வளைவு எங்கள் ஊர் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் கொட்டிவைத்த தீப்பெட்டிகள்போல் கிடந்தது. மேகம் என்று அண்ணாந்து பார்த்த ஒன்று ஜீப்புக்குள் நுழைந்து முகத்தை நனைத்துவிட்டுப் போயிற்று. பேச்சே வரவில்லை எனக்கு. பேச்சு வருவதற்குள் வாந்தி வந்தது. பட்டினி போட்ட செவலை ராஜா மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

மெட்டில் தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் மாமா எஸ்டேட் ஜீப்போடு நின்றிருந்தார். காவல்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, நாய்தானே, போகலாம் என்று கையைக் காட்டினார். அப்பா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு நாள் அலைந்து வாங்கிய சீட்டை யாருமே கேட்கவில்லை.

அத்தை விடவில்லை. இறங்கிப் போய்ச் சீட்டை நீட்டினாள்.

"பாருங்க சார். வாசிங்க."

காவல்காரர் மலையாளத்துக்காரர், தமிழை எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே வாசித்தார். "கொம்பு, இல்ல. கொள்ளாம், நல்லாருக்கு!" என்று சிரித்தார். அத்தையின் பெயரையும் அந்தப் பனியில் முழுசாக வாசித்தார். காக்கிச்சட்டை போட்ட ஒருவர் வாயால் அத்தையின் பெயரைக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கம் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சீட்டைத் திரும்ப வாங்கிய அத்தை நகராமல் நின்றாள்.

"சார், திரும்பி வர்றதுக்கும் இது செல்லுமா?"

"இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள திரும்பி வர்ற கேள்வியா?" என்றார் காவல்காரர். "ஒரு வருஷம் செல்லும், போங்க."

அத்தை சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். காவல்காரர் சிரித்தார், டிரைவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நாய்க்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.