சாமித் தட்டுக்குக் கீழ விறகு ஸ்டவ்

தொண்ணூறுகளின்ர நடுவில இந்தக் குளிர் நாட்டில, மோர்னிங்சைட் எண்ட இடத்தில வீடு வாங்கினம். அதுக்கு முந்தி இருந்தது அப்பார்ட்மென்ட். அங்க குடிபோன அண்டைக்குக் கறண்ட் அடுப்பில பால் பொங்க முந்தியே, சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிச்சு முழுக் கட்டிடமும் கீழ இறங்கி நிண்டது. வெட்கத்தில எனக்குத் தலை நிமிர ஏலாமல் போச்சு. சொந்த வீடு எண்டு ஒண்டு வந்தால் நெருப்பு மூட்டித்தான் பால் காய்ச்சுவன் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

புது வீட்டு ஹோலில செங்கல் ஃபயர்பிளேஸ் இருந்தது. அதுக்கு மேல நீட்டிக்கொண்டு ஒரு மரத்தட்டு. கண்ட உடன மஞ்சள் பட்டு விரிச்சு, பிள்ளையார், முருகன், லட்சுமி படங்களை அடுக்கி, பிளாஸ்ரிக் மாலையும் போட்டிட்டன். பிறகு என்ர மனிசன் ஃபயர்பிளேசுக்குள்ள ஒரு விறகு ஸ்டவ்வைப் பாதி வெளிய தெரியப் பொருத்தினார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் வைச்சம்; பத்தரைக்கு ராகுகாலம் துவங்கும். அதுக்கு முந்திப் பால் பொங்கவேணும்.

புதன்கிழமை ஸ்டவ் பொருத்தினது சரியோ எண்டு பார்க்க நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து, சொல்லாமலே சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, ரேப்பால அளந்தார். பக்கங்கள் சரி. முன்னால பதிச்ச கல்லும் சரி. மேல மரத்தட்டுக்கு மட்டும், ஸ்டவ்வோட வந்த புத்தகம் கேட்ட தூரத்தில பாதிதான் இருந்தது.

"மரம் உடன பத்தாது. சூட்டில காய்ஞ்சு காய்ஞ்சு ஒருநாள் பத்தும். உங்கட கடவுளர்தான் முதல் போவினம்" எண்டார், சிரிக்காமல். தட்டைக் கழட்டுற வரைக்கும் மூட்டக்கூடாது எண்டு எழுதியும் தந்தார். வெள்ளி காலமை திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினன்.

அவர் போனதும் மனிசனைப் பிடிச்சன். "மூண்டு பக்கமும் அளந்தனீங்கள், மேல ஏன் அளக்கேல்லை?"

"அண்டைக்கு மத்தியானம் மீன் சாப்பிட்டனான். சாமிப் படத்துக்குக் கிட்ட கை கொண்டுபோறதே?"

ஏசத்தான் வாயைத் திறந்தன். சிரிப்புத்தான் வந்தது. இந்தப் பக்தியில வீடு எரிஞ்சிருக்கும்.

படங்களை நானே இறக்கி மற்ற அறையில வைச்சன். அவர் தட்டை நெம்ப, மற்றத் தலைப்பை நான் பிடிச்சன். சுவரில வெள்ளையாய் ஒரு கோடு மிஞ்சினது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வரேக்க ஒன்பதே முக்கால். அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். புகை ஒழுங்காய் மேல போகுதோ எண்டு பார்க்க நிண்டார். மனிசன் மூட்டினார். ஸ்டவ்வின்ர புதுப் பெயின்ற் சூடேறி மணக்க, குளிருக்குள்ள யன்னலெல்லாம் திறந்தம். ஸ்டவ்வுக்கு மேல சின்னச் செம்பில கொஞ்சப் பால்தான் வைச்சனான், அதுகூட அசையேல்லை. பத்து இருபது. நான் மணிக்கூட்டையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தன். மனிசன் இன்னொரு விறகைத் தள்ளினார்.

பத்து இருபத்தாறுக்குப் பால் நுரைச்சு எழும்பி, நாலு பக்கமும் வழிஞ்சு, ஸ்டவ்வில சீறினது. இன்ஸ்பெக்டர் பதறிப்போய் செம்பைத் தூக்கக் கை நீட்டினார். நான் அவற்ற கையைப் பிடிச்சு நிப்பாட்டினன்.

"விடுங்கோ, வழியட்டும். இது எங்கட வீடு" எண்டு சந்தோசத்தில சிரிச்சுக்கொண்டு சொன்னன்.