மணிக்கூடு பார்க்காத விடியல்

நான் பிழைப்புக்குச் செய்வது மணிக்கூடு. கையில் கட்டுவதல்ல, விண்வெளிக்கு அனுப்பும் அணு மணிக்கூடு. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், ஆறு பக்கத்திலிருந்தும் லேசர் ஒளி பாய்ச்சி, ஓடித் திரியும் அணுக்களை ஏறக்குறைய நிற்க வைப்போம். குளிர வைப்பது என்று அதைத்தான் சொல்கிறோம். பூமியில் அவை சற்றுநேரத்தில் கீழே விழுந்துவிடும். மேலே சுற்றுப்பாதையில் விழாமல் மிதக்கும். அவற்றை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவுக்கு மணிக்கூடு துல்லியமாகும்.

இதை ஒருமுறை அப்பாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். "அங்கை ஆர் போய்ச் சாவி குடுக்கிறது?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்கிற ஆள்.

அவருக்கு இயலாமல் போனதும் யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் வீட்டுக்கு வந்து பக்கத்திலேயே இருந்தேன். கடைசி விடியலில் அவருடைய கை என் கைக்குள் இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே நேரம் நீண்டுகொண்டே போனது. யன்னலில் வெளிச்சம் மெல்ல ஊறியது. தம்பியின் மனைவி முற்றம் கூட்டும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கட்டிலும் நானும் அப்பாவும் நிலத்தில் படாமல் மிதப்பதுபோல் இருந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். அது இனி வராது என்று விளங்க எவ்வளவு நேரமானதோ, இன்றும் தெரியாது. பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டேன். டொக்டர் வந்து, தான் வந்த நேரத்தை எழுதிவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா போடவேண்டும். திதியைத் தீர்மானிக்க வந்த ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"அண்டைக்கு விடிய ஆறு பன்னிரண்டோடை ஏகாதசி முடியுது. சீவன் போனது அதுக்கு முன்னமோ, பிறகோ?"

பிழையாகச் சொன்னால் ஆண்டுதோறும் அப்பாவுக்குப் பிழையான நாளில் படைப்போம்.

"அக்காதான் பக்கத்திலை இருந்தவ," என்றான் தம்பி. "மணிக்கூடு செய்யிற ஆள். அவவுக்குத் தெரியும்."

சுவரில் மணிக்கூடு இருந்தது, மேசையில் என் கைபேசி இருந்தது. அன்று நான் இரண்டையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பிறகுதான் ஐயா," என்றேன். "துவாதசி எண்டு எழுதுங்கோ."

முன்னம் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அப்பா சில நிமிடம் முந்தியே போயிருப்பார். அந்தச் சில நிமிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.