இங்கே கடல் இல்லை

நம்முடைய சபையில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. சிதறால் லில்லி பாயின், அதாவது என்னுடைய, விடுதி நன்றாக ஓடுவதற்குக் காரணம், அன்றைக்கு நாமெல்லாம் சேர்ந்து போட்ட அஞ்சு ஸ்டார்தான் என்று. போன ஸ்தோத்திரக் கூட்டத்தில் என் காதுபடவே இரண்டு பேர் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். கர்த்தர் செய்ததைக் கர்த்தர் பேரில் எழுத வேண்டும். நீங்கள் செய்ததை உங்கள் பேரில் எழுத வேண்டும். இரண்டையும் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வில்சனை உங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த மறுமாதமே கல்ஃபுக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பப் போவார். அங்கே வெல்டிங் அடித்து இங்கே வீடு கட்டினார். மாடியில் பாத்ரூமோடு இரண்டு அறை. அவை எப்போதும் பூட்டித்தான் கிடந்தன. கட்டினவருக்கே அந்த வீட்டில் படுத்துத் தூங்கக் கொடுத்து வைக்கவில்லை.

அப்புறம் ஒரு கோடையில் வேலை செய்யும் இடத்திலேயே வெயிலில் சுருண்டு விழுந்தார். கம்பெனி டிக்கெட் எடுத்து அனுப்பி வைத்தது. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இனி வெயிலில் நின்று செய்கிற வேலை கூடாது, மறுபடியும் விழுந்தால் எழும்புவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் இவரும் உட்கார்ந்திருந்தார். உடம்பு கொஞ்சம் தேறினதும் பழைய விசா ஏஜென்டுக்கு இவரே போன் போட்டார். மகள் நர்சிங் படிக்கிறாள், படிப்பு முடியட்டும், அதுவரை மட்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மாடி அறைகளை வாடகைக்கு விடலாம் என்ற யோசனை அந்தக் கோபத்தில் வந்ததுதான். சிதறால் மலைக் கோயிலைப் பார்க்க எத்தனையோ பேர் வருகிறார்கள். ராத்தங்க இடம் இல்லாமல் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விடுகிறார்கள். இங்கேயே தங்க வைத்து, நான் சமைத்துப் போட்டால் என்ன? இவரிடம் சொன்னேன்.

“விசா வரது வரை பாரு. ஓடிச்சுண்ணா நான் போகல்ல. ஓடலண்ணா நீ என்னைத் தடுக்கப்பிடாது,” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். இந்த மனுஷன் இனி பிளேன் ஏறக் கூடாது.

இந்தக் காலத்தில் போர்டு வைத்தால் யாரும் வர மாட்டார்கள், வெப்சைட் வேண்டும், மேப்பில் பெயர் வர வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இதையெல்லாம் செய்து கொடுக்கிற ஒரு ஆபீஸ், மாடியில். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் சிரித்துச் சிரித்துப் பேசினான். எல்லாம் பேக்கேஜ் மேடம், நீங்க வீட்டில் சும்மா இருந்தால் போதும் என்றான். நானும் நம்பிவிட்டு வந்தேன்.

அவன் செய்து காட்டின வெப்சைட்டைப் பார்த்தால் ஒரே அலை. மணலில் சாய்வு நாற்காலி. தூரத்தில் படகு. ‘கன்னியாகுமரி கடலோர இல்லம்’ என்று பேர்.

“தம்பி, இது எங்க வீடு இல்லையே. இஞ்ச கடல் கிடையாதே,” என்றேன்.

“கன்னியாகுமரி மாவட்டம்தானே மேடம்? எல்லாரும் தேடுறது கடலைத்தான். சிதறால்னு யாரு தேடப்போறா? முதல்ல ஆளை உள்ள வர வைக்கணும், மத்தது அப்புறம்.”

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிந்தவன் சொல்கிறான் என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஆள் வந்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். முதலில் வந்தது கோயம்புத்தூர்க் குடும்பம். சின்னப் பிள்ளைகள் இரண்டும் காரிலிருந்து இறங்கும்போதே இடுப்பில் நீச்சல் டியூப் மாட்டியிருந்தன. இவர் பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தகப்பன் மொட்டைமாடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். ரப்பர் மரமும் பாறை மலையும்தான் தெரிந்தன.

“கடல் எங்கம்மா?”

“தேங்காப்பட்டணம் போகணும் சார். பஸ் உண்டு.”

பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அவர் என்னை ஏமாற்றுக்காரி என்றார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வைத்த மீன்குழம்பைத் தொடாமல் கிளம்பினார்கள். மாடிக்குத் தூக்கின பெட்டிகளை இவரே மறுபடியும் கீழே தூக்கி வந்து காரில் வைத்தார், மூச்சு வாங்க வாங்க. அடுத்து வந்த இரண்டு குடும்பங்களும் அப்படியே. மேப்பில் எங்கள் பெயருக்குக் கீழே ஒரே ஒரு ஸ்டார் போட்டு, ‘சுத்தப் பொய், போகாதீர்கள்’ என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, எழுதினது உண்மைதானே.

வடசேரிக்குப் போன் பண்ணினால், “கெட்ட ரிவ்யூவை நல்ல ரிவ்யூவால அமுக்கணும் மேடம். தெரிஞ்சவங்க எல்லாரையும் போடச் சொல்லுங்க,” என்கிறான்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். பெண்கள் ஐக்கியத்தில் நான் கேட்டது ஜெபம். அந்தப் பையன் சொன்னதையும் வயிற்றெரிச்சலில் சொல்லி வைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் ஜெபத்தை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டீர்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறினதும் செயலாளர் மைக்கைப் பிடித்து, எல்லாரும் போனை எடுங்கள், நம்ம சகோதரிக்கு அஞ்சு ஸ்டார் போட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றார். சபை வைஃபையில், ஒரே நேரத்தில், ஒரே கட்டடத்துக்குள் உட்கார்ந்து எல்லாரும் போட்டீர்கள். ‘விசுவாசமுள்ள சகோதரி. ஞாயிறு பள்ளியில் நன்றாகப் பாடம் எடுப்பார்’ என்று ஒருவர். ‘கர்த்தர் இவர் வீட்டை ஆசீர்வதிப்பாராக’ என்று ஒருவர். என் வீட்டுக்கு நாலாவது வீட்டில் இருக்கிற ஒரு அண்ணன், ‘கடல் காற்று அருமை’ என்று எழுதினார். பேரை எழுதவில்லை. இதை அவரும் வாசிப்பார்.

அன்புதான், தெரியும். ஆனால் அந்த மேப்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டா இருப்பார்கள்? அந்த வாரமே எங்கள் பெயரை அடியோடு தூக்கிவிட்டார்கள். பொய் ரிவ்யூ என்று சந்தேகமாம். சந்தேகம் என்ன சந்தேகம், பொய்தானே. கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த போனும் நின்றது.

இரண்டு நாள் கழித்து விசா ஏஜென்ட் கூப்பிட்டான். கம்பெனி ரெடி, மெடிக்கல் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றான். இவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். ஜிப் இறுகியிருந்தது. மெழுகுதிரியை எடுத்துத் தேய்த்து, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

அன்றைக்கு நான் பண்ணினதை ஜெபம் என்று சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. முழங்கால் போடவில்லை. முக்காடு போடவில்லை. வாளியைத் தரையில் அடித்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

“நான் உமக்கு என்ன குறை வச்சேன்? இத்தனை வருஷம் எனக்க மாப்பிளைய அந்நிய தேசத்துக்குக் கொடுத்தேன். இப்ப உயிரையும் கேக்குதீரா? அந்தப் பய கடல்ண்ணு எழுதினான். உமக்க பிள்ளைகளோ, இல்லாத கடலுக்கு ஸ்டாரு போட்டாவ. இஞ்ச கடல் இல்லண்ணு உள்ளதைச் சொல்ல இந்த ஊருல ஒரு வாய் இல்லியா?”

பின்னால் தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாளியோடு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் அப்படியே நின்றேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை, வெளிச்சமும் வரவில்லை. ஆனால் கடைசியாகக் கேட்ட கேள்வி மட்டும் என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வாய் எனக்கு இருக்கிறதே. அந்த யோசனை என் புத்தியிலிருந்து வந்தது அல்ல. என் புத்தியை எனக்குத் தெரியும். அது அவர் கொடுத்தது.

மறுநாள் வடசேரிக்குப் பஸ் ஏறினேன். வெப்சைட்டின் பாஸ்வேர்டைக் கொடு என்றேன். கம்பெனி பாலிசிப்படி தர முடியாது மேடம் என்றான். அவர்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கீர்த்தனை பாட ஆரம்பித்தேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். ஏறி வருகிறவர்களெல்லாம் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் விஷயத்தை விளக்கிச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பாஸ்வேர்டு கையில் வந்தது.

மகள் போனில் சொல்லச் சொல்ல, அலையையும் படகையும் நானே அழித்தேன். வீட்டின் பேரையும் சிதறால் என்று மாற்றினேன். அறை, கட்டில், பாத்ரூம், ஜன்னலில் தெரிகிற மலை எல்லாவற்றையும் என் போனிலேயே எடுத்துப் போட்டேன். பிறகு எழுதினேன்:

‘இங்கே கடல் இல்லை. கடல் வேண்டுமானால் தேங்காப்பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் கன்னியாகுமரியிலேயே தங்குங்கள். இங்கே சிதறால் மலையும், பாறையில் குடைந்த பழைய சமணக் கோயிலும் இருக்கின்றன. வெயில் ஏறினால் பாறை சுடும், காலையில் ஏறுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும். சாப்பாடு நானே சமைப்பேன். என்ன வேண்டும், எந்நேரம் வேண்டும் என்று முன்னாலேயே சொன்னால் அப்படியே தருவேன்.’

அடுத்த ஞாயிறு நான் மைக்கைப் பிடித்தேன். உங்களுக்கு மறந்திருக்காது.

“மேப்பில பேரு போனாலும் நீங்க எனக்குப் போட்ட ஸ்டாரு உங்க போனில கிடக்கும். அதை எல்லாம் இண்ணைக்கே அழிச்சிருங்க. வந்து தங்காதவிய ஒருத்தரும் எனக்காவ எழுதாண்டாம்,” என்றேன்.

போதகர் ஐயாதான் முதலில் அங்கியைத் தூக்கிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் அழித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அழித்தீர்கள். அன்றிலிருந்து என்னோடு பேசாதவர்களும் இருக்கிறார்கள். பரவாயில்லை.

நடந்ததை நடந்தபடி மேப்காரர்களுக்கும் எழுதிப் போட்டேன். வாரக்கணக்கில் பதில் இல்லை. இவர் மெடிக்கலில் பாஸ் ஆனார். பாஸ் ஆனதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மொட்டைமாடிக்குப் போய் தினமும் கர்த்தரோடு சண்டை பிடித்தேன். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன், இனி உம்முடைய முறை என்று சொன்னேன்.

அப்படியிருக்கும்போது வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள்.

“நாங்க ஜைனருங்க. ஏழு பேரு சிதறாலுக்கு வர்றோம். பொழுது சாயறதுக்குள்ள ராச்சாப்பாட்டை முடிச்சிடணும். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. உங்களால முடியுங்களா?”

முடியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். “அம்மா, நாங்க மீன் தின்னுறவியளாக்கும். அதை முதல்ல சொல்லிருதேன். உங்களுக்குத் தனியா புதுப் பாத்திரம் வாங்கி அதிலதான் வைப்பேன். நீங்க போறது வரை வீட்டுல மீன் ஏறாது.”

போச்சு என்று நினைத்தேன்.

“இதுக்கு முன்னாடி கேட்ட இடத்துல எல்லாம் எதுக்கெடுத்தாலும் சரி சரின்னாங்க. அதுவே எங்களுக்குப் பயமா இருந்துச்சு,” என்றார்கள். “உங்க வெப்சைட்டுல முதல் வரியே இங்க கடல் இல்லைன்னு இருக்கு. இல்லாததை இல்லைன்னு சொல்றவங்க சாப்பாட்டுல பொய் சொல்ல மாட்டாங்கன்னுதான் கூப்பிட்டேன். வர்றோம்மா.”

போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் வந்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீனும் இல்லாமல் என்ன சமைப்பாய் என்று என் நாத்தனார் கேலி பண்ணினாள். ஏத்த வாழைக்காய்த் துவரன், பலாக்காய், வெள்ளரிக்காய்ப் புளிசேரி, பாயசம். வெயில் மொட்டைமாடியில் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தார்கள். சாப்பிடும் முன் அவர்கள் தங்கள் முறையில் வேண்டிக்கொண்டார்கள், நான் என் முறையில் வேண்டிக்கொண்டேன். குழித்துறை ஸ்டேஷனுக்கு வேன் கொண்டுபோய் அழைத்து வந்ததும், விடியக்காலம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் இவர்தான். மெதுவாக, நின்று நின்று ஏறினார்களாம். இறங்கி வரும்போது இவர் முகம் நான் பார்த்திராத முகமாக இருந்தது.

ஊருக்குப் போன பிறகு அவர்களில் நாலு பேர் எங்கள் வெப்சைட்டில் எழுதினார்கள். தங்கினவர்கள் எழுதினது. மேப்பிலும் எங்கள் பெயரைத் திரும்பப் போட்டார்கள். அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பத்தின் ஒற்றை ஸ்டார் இன்னும் அங்கே கிடக்கிறது. அதற்குக் கீழே, நீங்கள் சொன்னது சரி, படத்தை மாற்றிவிட்டோம், பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று நானே பதில் எழுதினேன். அந்த அம்மா சொல்லி அவர்கள் ஊரிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. பிறகு ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். இப்போது அறை பூட்டிக் கிடப்பதே அபூர்வம். கேட்கிறவர்களுக்கு நானே பதில் போடுகிறேன். கரண்ட் போனால் போனது என்று எழுதுகிறேன்.

விசா வந்தது. ஏஜென்ட் கூப்பிட்டபோது இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏத்தங்காய் சீவிக்கொண்டிருந்தார். கையில் கறை என்பதால் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். டிக்கெட் என்றைக்கு எடுக்கட்டும் என்று அவன் கேட்டான்.

“இல்ல மக்கா,” என்றார் இவர். “நாளைக்கு எனக்கு ஆளு வருகு. நீ வேற யாரையாவது பாரு.”

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தேன்.

ஆகவே சகோதர சகோதரிகளே, இனி ஸ்டார் கதையை யாரும் சொல்ல வேண்டாம். உங்களுக்கும் கஷ்டம் உண்டு, எனக்குத் தெரியும். நல்ல வார்த்தை கிடைக்கட்டும், மனது அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். வாளியை அடித்து வைத்துக் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன், அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. என் புருஷன் வீட்டில் இருக்கிறார்.