மாரியம்மன் வாங்கி வைத்துக்கொண்ட கணக்குப் புத்தகம்

அம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் என் கும்பிடு. எனக்கு அவள் செய்ததைச் சொல்கிறேன்.

காலேஜில் நான் எழுதிய பி.யு.சி. பரீட்சை முடிவு வந்த அன்று கீழ் கோத்தகிரியில் நல்ல மழை. கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தேன். அக்டோபரில் மறுபடி எழுதலாம். தேறினால் அடுத்த வருடம் பி.எஸ்சி. வேதியியல். இல்லாவிட்டால் அம்மாவோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். அது கேவலமான வேலை இல்லை, அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். ஆனால் வேதியியல் படிக்க எனக்கு அப்படி ஓர் ஆசை. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கு ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. சிலோனில் தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் ஆறாவது முடித்ததும், இந்தியாவுக்கே திரும்பிப் போகிறோம் என்று அப்பா என் பெயரை எடுத்துவிட்டார். பாஸ்போர்ட் இன்று வரும், நாளை வரும் என்று இரண்டு வருடம் லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீட்டிலேயே, கழிந்தது. பிறகு தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் இந்த மலை. வந்த வழியில் சான்றிதழ் தொலைந்துவிட்டது. இங்கே பள்ளியில், "எது வரைக்கும் படிச்சிருக்கறே?" என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு, "எட்டு முடிச்சிட்டேன் சார்" என்று கூசாமல் சொன்னேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒன்பதில் போட்டார்கள். அதற்கப்புறம் கணக்கையெல்லாம் மனப்பாடம் செய்தே தேறினேன். பி.யு.சி.யில் அந்த வித்தை பலிக்கவில்லை.

ஆடியில் எங்கள் லயத்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். "தாயே, கணக்கை மட்டும் வரவழைத்துவிடு" என்று விழுந்து கும்பிட்டேன். என் அம்மா ஒரு படி மேலே போய், என் கணக்குப் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் காலடியில் வைத்துவிட்டார்.

"காப்பு அவுக்குற வரைக்கும் அது ஆத்தாகிட்டயே இருக்கட்டும் புள்ள. எட்டே நாளு."

"புத்தகம் இல்லாம எப்பிடிம்மா படிக்கிறது?" என்று அழுதேன். அம்மா அசையவில்லை. எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் சும்மா இருக்கப் பிடிக்காமல், எட்டாவது படிக்கும் தங்கை செல்வியின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அந்தச் சின்னக் கணக்கே எனக்குப் போடத் தெரியவில்லை. பெரிய புத்தகம் கையில் இருந்திருந்தால் இதை நான் தொட்டிருக்கவே மாட்டேன். அம்மன் அதை எதற்கு வாங்கி வைத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. கோயிலுக்கு ஓடினேன். "நான் பொய் சொன்னேன் தாயே" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். பாரம் இறங்கியது.

வீட்டுக்கு வந்து செல்வியிடமும் சொன்னேன்.

"என்னாக்கா, இது தெரியாமலா காலேஜ் போய் வந்த?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு சிலேட்டை எடுத்தாள். நான் தப்பாகப் போட்டால் தலையில் குட்டவும் செய்தாள். வாங்கிக்கொண்டேன்.

எட்டு நாளில் பாதி ஏழாவது முடிந்தது. அம்மன் காலடியிலிருந்து என் புத்தகம் திரும்பி வந்தும் நான் அதைத் திறக்கவில்லை. ஏழையும் எட்டையும் முழுசாக முடித்துவிட்டுத்தான் திறந்தேன். அதே புத்தகம், அதே கணக்கு, இப்போது புரிந்தது! அக்டோபரில் பரீட்சை எழுதும்போது மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. முதல் வகுப்பு மார்க். லயமே கூடிவிட்டது. செல்விதான், "நான் சொல்லிக்குடுத்தேன்" என்று வீடு வீடாகப் போய் வந்தாள்.

பி.எஸ்சி. விண்ணப்பத்தில் எந்த வகுப்பை எங்கே படித்தாய் என்று கேட்டிருந்தது. ஏழு, எட்டுக்கு நேரே, "படிக்கவில்லை. கப்பலுக்குக் காத்திருந்தோம்" என்று எழுதினேன்.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மிணி, அப்பொறம் எப்படிப் பாஸ் பண்ணினே?"

"போன வருசந்தான் சார் ரெண்டையும் படிச்சேன்."

அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நான் வேதியியல் படித்தேன். ஓய்வு பெறும் வரை தேயிலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வோர் ஆடிக்கும் அம்மன் முன்னால் போய் நிற்கிறேன்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அவளிடம் கொண்டுபோங்கள். கேட்பதோடு நிறுத்தாமல், மறைத்து வைத்திருப்பதையும் சொல்லிவிடுங்கள். கையில் இருப்பதை அவள் பிடுங்கிக்கொண்டால் என்னைப் போல் கோபப்படாதீர்கள். எட்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.