நாகையில் நின்றுபோன மூன்று நாட்டுப் பயணம்

முட்டாள்தனத்துக்கு எங்கள் ஊரில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். இரண்டாம் பரிசையும் வேறு ஆள் கிடைக்காமல் எனக்கே தருவார்கள். போன வருடம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வீடு தென்காசியில். குற்றாலத்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. அந்த மாதம் முழுக்கக் கடலில். துணைக்கு அவள் அம்மா போனால்தான் உண்டு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்தில் முடிகிற காரியம்.

அதை நான் மூன்று நாட்டுப் பயணமாக்கினேன். நாகப்பட்டினம் வரை நம் கார். அங்கிருந்து கப்பலில் இலங்கையின் காங்கேசன்துறை. வாடகைக் காரில் யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு. கொழும்பிலிருந்து விமானம். எல்லாவற்றையும் கலர் கலராகச் சார்ட்டில் எழுதி லாட்ஜ் வரவேற்பறையில் ஒட்டினேன். அறை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கவுரை வேறு.

"அண்ணாச்சி, மக பேறுகாலத்துக்குப் போறியளா, ஓட்டு கேட்டுப் போறியளா?" என்றார் மேனேஜர்.

மனைவி சிரிக்கவில்லை. "நேரா போவோம். எம்புள்ள அங்கன தனியா கெடக்கா" என்றாள்.

"ஏட்டி, இன்னும் ஒரு மாசம் கெடக்கு. நமக்கு ஓய்வு கெடைக்கதே இப்பதான்" என்றேன்.

அதுதான் என் சாமர்த்தியம். ஆனி, ஆடியில் சாரல் சீசன். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் கூட்டம். நடுவில் ஐப்பசியில்தான் லாட்ஜ் காற்று வாங்கும். சீசன் இல்லையென்றால் உலகத்தில் எங்குமே மழை இல்லை என்று குற்றாலத்துக்காரனுக்கு ஒரு நினைப்பு. ஐப்பசி அடைமழை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். நாகப்பட்டினத்துக் கடலுக்கும் தெரிந்திருந்தது.

போய் இறங்கினால் கடல் கொந்தளிப்பு, கப்பல் கிடையாது. திருச்சி போய் விமானம் ஏறிவிடலாம் என்று மனைவி அப்போதே சொன்னாள். "நாளைக்கு விட்டுருவான்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஊரெல்லாம் அளந்துவிட்டு வந்த பயணத்தை விட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மகள் அழைத்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். நாங்கள் தங்கியிருந்த அறையின் கட்டிலில் உட்கார்ந்தபடி என் மனைவி, "மூச்ச இழுத்து விடும்மா... அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. சாவு வீட்டில்கூட ஒரு கேலி வைத்திருக்கும் நான் பெட்டிகளைத் தூக்கிக் காரில் போட்டேன்.

திருச்சிக்குக் காரை விரட்டினேன். தஞ்சாவூர் தாண்டும்போது செய்தி வந்தது: ஆபரேஷன், ஆண் குழந்தை, இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள். விமானத்தில் மறுநாள்தான் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்து, "சாப்ட்டியளாப்பா?" என்றாள், விருந்தாளியைக் கேட்பது மாதிரி.

பேரன் தேறிவிட்டான். ஆனால் அவள் தனியாக வலியில் துடித்த அந்த நாளுக்குள் அவள் அம்மாவை இனி நான் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. என் தமாஷுக்கு ஊர் சிரித்ததெல்லாம் அவள் தலையில்தான் விடிந்திருக்கிறது.

போன வாரம் மகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: பேரனின் முதல் பிறந்தநாளுக்கு நானும் அம்மாவும் திருவனந்தபுரத்திலிருந்து நேராக வருகிறோம்.

உடனே பதில் வந்தது: "அம்மா மட்டும் வந்தாப் போதும்."